துணைவேந்தரைப் பற்றி விழா மலரில் எழுதுவது எப்படி: வட ஆர்க்காட்டுப் பொருளாதாரத்தில் ஒரு கல்வித் தலைவரின் பங்கைக் கணக்கிடும் முறை

பல்கலைக்கழகத் துணைவேந்தரோ கல்லூரி முதல்வரோ பணி நிறைவு பெறும்போது மலர் வெளியிடுவது நம் பக்கத்து வழக்கம். வாழ்த்துரைகள் கேட்டவுடன் வந்து சேர்ந்துவிடும். "அன்னாரின் பணிக்காலமும் வட்டாரப் பொருளாதார வளர்ச்சியும்" என்ற தலைப்பிலான கட்டுரைதான் மலர்க்குழுவில் இளையவராகப் பார்த்து ஒருவர் தலையில் விழும். வேலூர்ப் பகுதியில் அத்தகைய கட்டுரைகள் சிலவற்றை எழுதியும், பிறர் எழுதியவற்றைத் திருத்தியும் பழகியவன் என்ற முறையில், அதை எழுதும் வழியை இங்கே சொல்கிறேன்.

அவருடைய தன்விவரக் குறிப்பு முதல் நாளே உங்கள் கைக்கு வரும். பதவிகள், ஆய்வுக் கட்டுரைகள், அயல்நாட்டுப் பயணங்கள், கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் என்று அதில் எல்லாம் இருக்கும். ஊர் மட்டும் இருக்காது. ஆகவே அதிலிருந்து ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மூடி வைத்துவிடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் அவருடைய பணி ஆண்டுகளையும், வலப்புறம் அதே ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் நடந்தவற்றையும் எழுதுங்கள். 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, 1996இல் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது, 2019இல் வேலூர் மூன்று மாவட்டங்களானது என்று வலப்புறம் நிரம்பிய பிறகு பார்த்தால், கட்டுரைக்குரிய கேள்விகள் கோட்டின் இரு பக்கமும் சந்திக்கும் இடங்களில் தாமாகவே தெரியும்.

மாவட்டப் பிரிவினையை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 39 லட்சம் பேரைக் கொண்டிருந்த வேலூர் மாவட்டமும் இன்றைய வேலூர் மாவட்டமும் பெயரளவில்தான் ஒன்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குப் போய்விட்டன. ஆற்காடு, வாலாஜாபேட்டை, அரக்கோணம் ஆகியவை இராணிப்பேட்டை மாவட்டத்திற்குப் போய்விட்டன. 2015ஆம் ஆண்டின் தொழிற்சாலை எண்ணிக்கையை 2022ஆம் ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, பாவம், ஒரு துணைவேந்தரின் காலத்தில் தொழில் நசிந்துவிட்டதாக எழுதிய கட்டுரையை நானே திருத்தியிருக்கிறேன். எந்த எண்ணை எடுத்தாலும் அது எந்த எல்லைக்குரியது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அவருடைய பணிவாழ்வில் எந்தப் பகுதியை விரித்து எழுதுவது என்ற முடிவு. உயர்ந்த பதவிக்கே அதிகப் பக்கம் ஒதுக்குவது மலர்களின் பழக்கம். அது பெரும்பாலும் தவறு என்பதே என் கருத்து. எலவர்த்தி நாயுடம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் ஆந்திரத்தில் பிறந்த அவர் 1981இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அதற்கு முன் 1971 முதல் அறிவியல், தொழிலக ஆய்வுக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். ஆனால் பாலாற்றங்கரையிலிருந்து பார்ப்பவருக்கு அவருடைய வாழ்க்கையின் முக்கியப் பகுதி, 1958 முதல் அவர் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த காலமே. ஆவாரம் பட்டையில் பதனிட்ட அரைகுறைத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வட்டாரம் இது. 1970களில் அத்தகைய ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும், பின்னர்க் காலணிக்கும் தொழில் மாற வேண்டியிருந்தது. அதற்கான தொழில்நுட்பமும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஆய்வகத்திலிருந்து கிடைக்கும் நிலை இருந்தது என்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு. பதவிகளின் ஏணிப்படியைப் பின்பற்றி எழுதினால் இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடும்.

இனி ஊருக்குள் போக வேண்டும். இரண்டு நாளாவது தேவை. ஒரு நிறுவனம் வட்டாரத்திற்கு என்ன கொண்டுவந்தது என்பதில், திட்டமிட்டுச் செய்தது, தானாக விளைந்தது என்ற இரண்டையும் பிரித்தெழுதப் பழகுவதற்கு வேலூரை விட நல்ல பாடசாலை இல்லை. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இவை அவர் திட்டமிட்டவை. அவர் வழிவந்த சி.எம்.சி. என்னும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1977இல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் ஊரக நலப் பிரிவைத் தொடங்கியதும் திட்டமிட்டதே. ஆனால் மருத்துவமனைக்கு எதிரே பாபு ராவ் தெருவில் நுழைந்தால், வங்காள எழுத்தில் பெயர்ப் பலகை மாட்டிய லாட்ஜுகளும், மீன் குழம்பும் சோறும் போடும் சாப்பாட்டுக் கடைகளும், மருந்துக் கடைகளும், இந்தியில் கூவி அழைக்கும் ஆட்டோக்காரர்களும் இருப்பார்கள். இந்தத் தெருவை எந்த இயக்குநரும் எந்தக் கோப்பிலும் அனுமதிக்கவில்லை. இருந்தும் நகரில் எத்தனையோ குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன. உங்கள் கட்டுரைத் தலைவரின் நிறுவனத்தைச் சுற்றியும் இப்படி ஒரு தெரு இருக்கும். அதைப் பற்றி எழுதுங்கள். ஆனால் அவர் உருவாக்கினார் என்று எழுதாதீர்கள்.

காட்பாடிப் பக்கத்துக்கும் இது பொருந்தும். 1967இல் வந்தவாசித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற கோ. விசுவநாதன் 1984இல் 180 மாணவர்களுடன் தொடங்கிய வேலூர் பொறியியல் கல்லூரி, 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி இன்று வி.ஐ.டி. என்று அறியப்படுகிறது. இத்தகைய வளர்ச்சியைப் பற்றி எழுதும்போது வாடகை, மனை விலை உயர்வை வளர்ச்சியின் அடையாளமாகக் காட்டுவது எளிது. வீட்டுக்காரருக்கு வரவாக வருவதுதான் குடியிருப்பவருக்குச் செலவாகப் போகிறது என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிட்டால் கட்டுரைக்கு நம்பகத்தன்மை கூடும்.

நான் தவறு செய்து கற்றுக்கொண்ட இடம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத் தலைவரைப் பற்றிய கட்டுரையில், அவர் காலணித் தொழிலுக்கான திறன் பயிற்சி மையம் ஒன்றை நிறுவியதாகத் தன்விவரக் குறிப்பை அப்படியே நம்பி எழுதிவிட்டேன். மலர் வெளிவந்த பிறகு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்த முதியவரைச் சந்திக்க நேர்ந்தது. வெட்டிய தோல் துண்டுகளை விரலால் மடித்துப் பார்த்துக்கொண்டே, மடிப்பில் வெடிப்பு விட்டதை ஒதுக்கிப் போட்டபடி, அவர் சொன்னார்: "அந்த சென்டர்ல படிச்ச பசங்க யாருனா இங்க வந்தாங்களான்னு கேளுங்க சார். நாலு பேரு வந்தாங்க, ரெண்டு பேரு நின்னாங்க. அப்புறம் மிஷினு ரிப்பேராயிடுச்சுன்னு பூட்டிட்டாங்க." "அப்போ அது பிரயோஜனம் இல்லையா பாய்?" என்று கேட்டேன். "ஏன் இல்ல? நின்ன ரெண்டு பேரும் இப்ப லைன் பாக்கறாங்களே!" என்றார். நான் எழுதியிருந்த ஒரு பக்கத்தைவிட அந்த மூன்று வரிகளில் செய்தி அதிகம்.

அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்தையும் மையத்தையும் பற்றி நான்கு கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் நான் எழுதுவதில்லை: யார் பயின்றார்கள், எங்கே வேலைக்குப் போனார்கள், ஓராண்டு கழித்தும் அங்கே இருந்தார்களா, தலைவர் மாறிய பிறகு அது திறந்திருந்ததா. விடைகளைத் துணைவேந்தர் அலுவலகத்தில் மட்டும் கேட்காதீர்கள். காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். காலைப் பணிமுறைக்கு அவர்களை ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்து எந்தெந்தக் கிராமங்களில் நிற்கிறது என்று கேட்டாலே, கல்லூரியின் எல்லை எதுவரை எட்டியிருக்கிறது என்று பாதி புரிந்துவிடும்.

யாருக்கு எவ்வளவு பெருமை என்பதைப் பங்கிடுவதில் நிதானம் வேண்டும். தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்றாண்டுகள். ஒருவர் கோப்பைத் தொடங்குவார், அடுத்தவர் கட்டடத்தைத் திறப்பார், மூன்றாமவர் காலத்தில் முதல் அணி மாணவர்கள் வெளியே வருவார்கள். கல்வெட்டில் இரண்டாமவர் பெயர்தான் இருக்கும். ஆட்சிக்குழுத் தீர்மானம் எந்தத் தேதியில் நிறைவேறியது என்று தேடிப்பிடித்தால் இந்தச் சிக்கல் தீரும். "நிறுவினார்" என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல் "முன்னவர் காலத்தில் ஒப்புதல் பெற்ற திட்டத்தை முடித்துத் திறந்தார்" என்று எழுதினால் உங்கள் தலைவர் வருத்தப்பட மாட்டார்; முன்னவரும் விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும்.

வளர்ச்சி என்றால் வரவு மட்டும்தான் என்று எண்ணி இழப்பை விட்டுவிடுவோர் பலர். இழப்பை அளந்து சொல்வதும் பல்கலைக்கழகத்தின் வேலைதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைக் குறிப்பிடுகிறது. அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய முதற்கட்டக் கணக்கெடுப்பில் கிடைத்த அளவு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்துப் பதிவு செய்தவர்களுக்கு விழா எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் தலைவரின் காலத்தில் அவருடைய துறைகள் இதுபோல் ஆற்றையோ கிணற்றையோ அளந்து வெளியிட்டிருந்தால், அதைத் தொழில் ஒப்பந்தங்களுக்குச் சமமாகவே எழுதுங்கள்.

கட்டுரை முடிந்ததும் அவரிடம் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காட்டலாம், ஆண்டுகளையும் பெயர்களையும் சரிபார்க்க மட்டும் என்று முன்னரே சொல்லிவிட வேண்டும். பூட்டிக் கிடக்கும் மையத்தைப் பற்றிய பத்தியை எடுத்துவிடச் சொன்னால், பூட்டியதற்கான காரணத்தை அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் விளக்கத்தைக் கீழே சேர்த்துவிடுங்கள். நான் பார்த்தவரையில் பலர் அதற்குச் சம்மதித்தார்கள். ஒருவர் மட்டும் மறுநாள் காலையில் ஆளனுப்பி மையத்தைத் திறந்து மிஷினைப் பழுது பார்க்கச் சொன்னார். அந்தப் பத்தியை அச்சுக்குப் போகும் முன் இரண்டாம் முறை திருத்த வேண்டியதாயிற்று.