மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளித் தாள்களைச் சேகரிக்கும் முறை

மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புரூணை ஆகிய ஐந்து நிலப்பகுதிகளும் ஒரே நாணயத்தைப் புழங்கிய காலம் 1953 முதல் 1967 வரைதான் என்பதால், அந்த வெள்ளித் தாள்கள் (அதாவது டாலர் பணத்தாள்கள்) புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு எல்லை தெளிவான, நிறைவளிக்கும் களமாக அமைகின்றன.

எலிசபெத் அரசியின் உருவம் தாங்கிய 1953ஆம் ஆண்டு வரிசை 1 வெள்ளியில் தொடங்கி 10,000 வெள்ளி வரை நீள்கிறது. அதன் உயர்மதிப்புத் தாள்களை ஆரம்பத்திலேயே துரத்த வேண்டாம்; 1, 5, 10 வெள்ளித் தாள்களே போதும். அவற்றுடன் பாய்மரக் கப்பல் பொறித்த 1959ஆம் ஆண்டின் 1 வெள்ளியையும், எருமை பூட்டி உழும் உழவரைக் காட்டும் 1961ஆம் ஆண்டின் 10 வெள்ளியையும் சேர்த்துக்கொள்ளலாம். பின்னது இந்த வரிசையிலேயே மிக அழகான தாள் என்பது என் துணிபு.

பாய்மரக் கப்பல் தாளை வாங்கும்போது அதன் அடி ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிலவற்றில் வாட்டர்லோ என்ற அச்சு நிறுவனத்தின் பெயரும் சிலவற்றில் டி லா ரூ நிறுவனத்தின் பெயரும் இருக்கும். இரண்டிலும் 1959 மார்ச் 1 என்ற ஒரே தேதிதான் காணப்படும். 1961இல் வாட்டர்லோவின் பணத்தாள் அச்சுத் தொழில் டி லா ரூவின் கைக்குப் போனதே இதற்குக் காரணம். ஆகவே இவற்றைத் தனித்தனி வகைகளாகவே சேகரிக்க வேண்டும்.

விலையைத் தீர்மானிப்பது தாளின் நிலைதான். கழுவி, அழுத்தித் தேய்த்துப் புதிதுபோல் ஆக்கிய தாள்கள் சந்தையில் நிறைய உலவுகின்றன. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பழைய மடிப்பின் கோடு மெல்லியதாகத் தெரியும். கழுவிய தாளில் விறைப்பு போய், நிறமும் வெளிறியிருக்கும். இத்தகைய தாளைவிட, இயல்பாகப் புழங்கி மடிப்பு விழுந்த தாளே நேர்மையானது, அதையே வாங்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நீர்க்குறியாக (தாளுக்குள்ளேயே பதிந்த உருவமாக) உள்ள புலித்தலையையும் பார்த்துவிடுங்கள்.

ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் பழுப்புப் புள்ளிகள் விரைவில் படரும். பிவிசி நெகிழி கலவாத உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வைத்து, அப்பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். கிழிசலை ஒட்டுநாடாவால் ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

வரிசையைத் தொடர விரும்புவோர், 1967 ஜூன் 12 அன்று மலேசியாவும் சிங்கப்பூரும் புரூணையும் தனித்தனியே வெளியிட்ட முதல் தாள்களை அடுத்துத் தேடலாம்.