கடுகு டப்பாவுக்கு அடியில் இருந்த அட்டை

சேரன்மகாதேவியில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். மனப்பதற்றம், மனச்சோர்வுக்கு முப்பது நாள் மாத்திரை எழுதிய சீட்டை நீட்டி, "பத்து போதும் அண்ணாச்சி" என்பார்கள். அடுத்த பத்துக்கு ஆளே வராது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா?

"ஏன் போடல?" என்று மட்டும் கேட்காதீர்கள். "போட்டேனே" என்றுதான் பதில் வரும். "போட்டா என்ன செய்யுது?" என்று கேளுங்கள்.

பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு அக்காவின் மகள், கடுகு டப்பாவுக்கு அடியில் கிடந்த எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள். பத்தில் நாலுதான் பிரித்திருந்தது. நாலு நாளும் வயிற்றைப் புரட்டியிருக்கிறது, மனசில் ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்திவிட்டார். இந்த மாத்திரையில் தொந்தரவுதான் முந்திக்கொண்டு வரும். குமட்டல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மனசு தெளிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். அதை அவருக்கு நானும் சொல்லவில்லை, அன்று கடையில் கூட்டம். டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போகச் சொன்னேன். குறைந்த அளவில், சாப்பிட்ட பிறகு போடும்படி மாற்றிக் கொடுத்தார்.

"தூக்க மாத்திரை, பழகிடும்" என்பது அடுத்த பயம். பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் குளோனாசிபாம் பழகக்கூடியதுதான், அதனால்தான் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதுவார்கள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அந்த ரகம் இல்லை. ஆனால் எதையும் சட்டென நிறுத்தக்கூடாது. தலை சுற்றும், கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். "சரியாயிட்டேன்" என்று நிறுத்துவதும் தப்பு. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள், அப்புறம் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார்.

ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். தெரியாமல் சோற்றில் பிசைந்து கொடுக்கும் வேலையும் வேண்டாம். ஒருநாள் கண்டுபிடித்தால் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். கோயிலில் திருநீறு போட்டுவிட்டு வரட்டும், அதற்கும் மாத்திரைக்கும் சண்டை இல்லை.

செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தாலோ, மாத்திரை ஆரம்பித்த புதிதில் இளவட்டங்கள் தவித்து நிலைகொள்ளாமல் இருந்தாலோ, காத்திருக்காதீர்கள். நேராக பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது.

பத்தமடை மகள் இப்போது அட்டையின் பின்னால் பேனாவால் கிழமை எழுதி, சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் வைக்கிறாள். போன வாரம் முழு அட்டை கேட்டு வாங்கிப் போனாள்.