குமரி மாவட்டக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராகச் சேர: தகுதி முதல் அனுபவச் சான்று வரை

எம்.ஏ., எம்.காம்., எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கல்லூரியில் பகுதி நேரமாகவாவது வகுப்பெடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தக்கலைப் பக்கம். பாடம் வணிகவியல். சுயநிதிப் பிரிவில் தொடங்கி, இப்போது அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். வேலை கிடைப்பதைவிட, பார்த்த வேலை கணக்கில் ஏறுவதுதான் கடினம் என்பது என் அனுபவம். ஆகவே நான்காவது படியை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் நேரே அங்கே போகலாம்.

படி 1: எந்த வகை இடம் என்று பாருங்கள்

"கெஸ்ட் லெக்சரர்" என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் இடங்கள் வேறு வேறு.

நாகர்கோவில் கோணத்தில் இருப்பதுபோன்ற அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஆள் எடுப்பது கல்லூரிக் கல்வித் துறை. தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்து இணையவழியில் விண்ணப்பம் கேட்பார்கள். 2025 ஜூலையில் 574 இடங்களுக்குக் கேட்டார்கள். அப்போது மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம், ஆண்டுக்கு 11 மாதம்.

ஸ்காட், தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி, அகஸ்தீஸ்வரம் விவேகானந்தா, தூத்தூர் புனித யூதா கல்லூரி என நம் மாவட்டத்தில் பழைய கல்லூரிகள் நிறைய. இந்த மாதிரிக் கல்லூரிகளில் அரசு சம்பளம் தரும் இடம் வேறு, நிர்வாகமே சம்பளம் தரும் இடம் வேறு. பேப்பரில் விளம்பரம் வந்தால் "உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா, ஒருவர் விடுப்பில் போன இடமா" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை. சம்பளமும் பணிக்காலமும் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

சமுதாயக் கல்லூரிகள் மூன்றாவது வகை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2013இல் கொண்டுவந்த சமுதாயக் கல்லூரித் திட்டத்தில் படிப்பு இரண்டு பகுதி: பொதுக்கல்வி ஒன்று, தொழில்திறன் ஒன்று. திறன் பகுதியை அந்தத் தொழிலில் இருப்பவரே வந்து எடுக்கலாம். தையல், கணினிக் கணக்கியல், மின்பணி போன்றவற்றில் கைத்தேர்ச்சி உள்ளவர்களுக்கு முதுகலை இல்லாமலும் வழி திறக்கும் இடம் இது. மற்ற இரண்டிலும் கீழே சொல்லும் கல்வித் தகுதியைத்தான் பார்ப்பார்கள்.

படி 2: தகுதி

யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைதான் அடிப்படை. முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. முறைப்படி வாங்கிய பிஎச்.டி. இருந்தால் நெட் வேண்டாம் என்றும் அதில் இருந்தது. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் (இதுவும் மாநிலத் தேர்வுதான்) இவற்றில் ஒன்றைக் குறைந்தபட்சத் தகுதி என்று வைத்திருக்கிறார்கள். "பிஎச்.டி. முடிக்கட்டும், அப்புறம் நெட் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் சொல்வது: முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே எழுதத் தொடங்குங்கள். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம்.

55 சதவீதம் என்றால் 55தான். 54.9 வைத்துக்கொண்டு "கிட்டத்தட்ட 55" என்று வாதாட முடியாது. முழுமையாக்குவது கிடையாது என்று நெட் தேர்வு அறிவிப்பிலேயே போட்டிருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயர் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 போதும். மதிப்பெண் பட்டியலில் கிரேடு புள்ளி மட்டும் இருந்தால், அதைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தைப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவிலிருந்து எழுத்தில் வாங்கி வையுங்கள். நீங்களே பத்தால் பெருக்கிப் போட வேண்டாம்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பு, மேல்நிலை, இளங்கலை, முதுகலை என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். இளங்கலை இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே வாங்கிய எம்.ஏ., அரசுப் பணிக்குச் செல்லாது.

படி 3: நெட், செட் சான்றைச் சரியாகப் படியுங்கள்

யு.ஜி.சி. நெட் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகள். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிர் அறிவியல்காரர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட். அதில் தவறுக்கு மதிப்பெண் குறையும், அங்கே இந்த உத்தி உதவாது. விரிவுரையாளர் தகுதிக்கு வயது வரம்பு இரண்டிலும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு எழுதி வென்ற பெண்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

2024 ஜூன் சுற்றிலிருந்து முடிவு மூன்று பிரிவாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) உடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், பிஎச்.டி. சேர்க்கை மட்டும். மூன்றாவது பிரிவில் வந்தவர்கள் "நெட் பாஸ்" என்று பயோடேட்டாவில் போடக் கூடாது. வகுப்பெடுக்கும் தகுதி அதில் சேராது. நேர்காணலில் சான்றை விரித்த பிறகு இது தெரியவருவது மனசுக்குக் கஷ்டம்.

*பின்சேர்க்கை:* களியக்காவிளையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தாள்: "அக்கா, நான் கேரளாவில் செட் பாஸ் பண்ணியிருக்கேன், இங்கே எடுத்துக்குவாங்களா?" எல்லைப் பக்கம் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் பலருக்கு இந்தச் சந்தேகம் இருப்பதால் தெளிவாகவே சொல்கிறேன். கேரளாவில் எல்.பி.எஸ். மையம் நடத்தும் செட், அங்குள்ள மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணிக்கானது. தமிழ்நாட்டு செட், யு.ஜி.சி. அங்கீகாரத்தோடு நடக்கும் கல்லூரி விரிவுரையாளர் தகுதித் தேர்வு. பெயர் ஒன்று, தேர்வு வேறு. கேரளச் சான்றை வைத்து இங்கே கல்லூரியில் சேர முடியாது. அதேபோல் 2002 ஜூனுக்குப் பிறகு ஒரு மாநிலத்தில் வாங்கிய கல்லூரி செட் அந்த மாநிலத்துக்கு மட்டுமே செல்லும். நம்மூரிலிருந்து திருவனந்தபுரம் போய்வரும் தூரம்தான் என்பதால், இரண்டு பக்கமும் வாய்ப்பு வேண்டும் என்பவர்கள் நெட் எழுதுங்கள். அது நாடு முழுக்கச் செல்லும்.

காரியவட்டத்தில் (கேரளப் பல்கலைக்கழக வளாகம்) முதுகலை படித்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பட்டத்தில் உள்ள பாடப்பெயரும் இங்கே அறிவிப்பில் கேட்கும் பாடப்பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், இரண்டும் சமம் என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் நகலைக் கோப்பில் முதல் ஆளாக வையுங்கள்.

படி 4: பார்க்கும் வேலையைக் கணக்கில் ஏற்றுங்கள்

யு.ஜி.சி. 2018 ஒழுங்குமுறையில் கல்லூரி நேர்காணலுக்கு ஆள் தெரிவு செய்ய ஓர் அட்டவணை உண்டு. அதில் கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. நெட்டுக்கு 8, ஜே.ஆர்.எஃப்.-க்கு 10, செட்டுக்கு 5. ஐந்தாண்டு வகுப்பெடுத்த அனுபவம் ஒரு ஜே.ஆர்.எஃப்.-க்குச் சமமாக நிற்கிறது என்று பாருங்கள். அந்த ஐந்தாண்டு காகிதத்தில் இல்லாவிட்டால் சுழியம்.

முதல் விஷயம், தகுதி வந்த தேதி. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் 2019 உதவிப் பேராசிரியர் அறிவிப்பில், உரிய தகுதி பெற்ற நாளுக்குப் பிந்தைய அனுபவத்தைத்தான் எடுத்தார்கள். 2017 ஜூனில் சேர்ந்து 2020 ஜனவரியில் நெட் தகுதி பெற்றவருக்கு, இந்த முறையில் எண்ணினால் முதல் இரண்டரை ஆண்டு கணக்கில் வராது. வேலையில் சேர்ந்துவிட்டோம் என்று தேர்வை மறந்துவிடாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் தகுதி ஏற்பு. நம் மாவட்டக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. உங்கள் பெயரைக் கல்லூரி அங்கே அனுப்பித் தகுதி ஏற்பு ஆணை வாங்க வேண்டும். சேர்ந்த முதல் பருவத்திலேயே அலுவலகக் கண்காணிப்பாளரிடம் "என் அப்ரூவல் போயாச்சா சார்?" என்று கேளுங்கள். ஆணை வந்ததும் நகல் வாங்குங்கள்.

மூன்றாவதுதான் சான்று. "இவர் எங்கள் கல்லூரியில் 2019 முதல் 2021 வரை பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்" என்று இரண்டு வரியில் தரும் சான்று எதற்கும் ஆகாது. இருக்க வேண்டியவை இவை: பட்டச் சான்றில் உள்ளபடியே பெயரும் முன்னெழுத்தும், பதவி, பாடம், உதவி பெறும் பிரிவா சுயநிதியா, முழு நேரமா பகுதி நேரமா, வாரம் எத்தனை மணி, சேர்ந்த நாள், விலகிய நாள் இரண்டும் தேதி, மாதம், ஆண்டோடு, இடையில் விடுப்பு இருந்தால் அதுவும், தகுதி ஏற்பு ஆணையின் எண்ணும் நாளும், முதல்வரின் கையெழுத்து, முத்திரை. 2019 அறிவிப்பில் இதன்மேல் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பமும் கேட்டார்கள். நமக்கு அந்த அலுவலகம் திருநெல்வேலியில்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பணி நியமன ஆணையே தரவில்லை. விலகி சில ஆண்டு கழித்துச் சான்று கேட்டபோது, முதல்வர் மாறியிருந்தார், "பழைய பதிவேடு இல்லையே" என்றார்கள். அந்த நேரத்தில் கைகொடுத்தவை நான் சும்மா எடுத்து வைத்திருந்த காகிதங்கள்: துறைத் தலைவர் கையெழுத்திட்ட கால அட்டவணை, பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போன பணியாணையும் விடுவிப்பு ஆணையும், சம்பளம் வரவான வங்கிப் பாஸ்புத்தகப் பக்கங்கள். இவற்றை வரிசையாக இணைத்து, எந்தப் பருவத்தில் எந்த வகுப்புக்கு என்ன தாள் எடுத்தேன் என்று ஒரு பக்கப் பட்டியலும் வைத்து எழுத்தில் மனு கொடுத்தேன். நேரில் கொடுத்து நகலில் "பெறப்பட்டது" முத்திரை வாங்கினேன். சான்று கிடைத்தது. எனவே ரொக்கமாகச் சம்பளம் தரும் இடத்தில் "வங்கியில் போடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும், அந்த ஆண்டுக்கான சான்றை அப்போதே வாங்கிவிடுங்கள். விலகும்போது மொத்தமாக வாங்கலாம் என்று வைக்க வேண்டாம்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தரட்டும்.

படி 5: கோப்பு

காகிதத்துக்கு இருபது பிளாஸ்டிக் உறை உள்ள கிளியர் ஃபைல் போதும், பஞ்ச் செய்யும் கோப்பு வேண்டவே வேண்டாம், அசலில் ஓட்டை விழும். ஸ்கேன் செய்ய எனக்கு அடோப் ஸ்கேன் பிடித்திருக்கிறது. வாட்ஸப்பில் அனுப்பிய புகைப்படத்தைத் தரவிறக்கி ஏற்றினால் முத்திரை எழுத்து மங்கிவிடும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது சான்றின் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். நெட் சான்று டிஜிலாக்கரிலும் கிடைக்கும். சாதிச் சான்று பழைய கையெழுத்துப் படிவமாக இருந்தால் இ-சேவை மையத்தில் இணையவழிச் சான்றாக மாற்றிவிடுங்கள், கடைசி நாளில் ஓட வேண்டாம்.

படி 6: நேர்காணலும் மாதிரி வகுப்பும்

நிர்வாக இடங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களிலேயே பயோடேட்டாவை நேரில் கொடுங்கள். ஜூனில் கல்லூரி திறந்த பிறகு போனால் பெரும்பாலும் விடுப்பு இடம்தான் மிஞ்சும்.

மாதிரி வகுப்புக்குப் பெரிய தலைப்பு எடுக்காதீர்கள். கால் மணி நேரத்தில் ஒரு கருத்தை முடித்துக் காட்டுவதுதான் அழகு. நான் தேய்மானத்தை எடுத்தேன். குளச்சலில் ஒருவர் படகுக்கு 4,00,000 ரூபாயில் இயந்திரம் வாங்குகிறார், எட்டாண்டு ஓடும், கடைசியில் பழைய இரும்பாக 40,000 தேறும் என்று கரும்பலகையில் எழுதினேன். 3,60,000-ஐ எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 45,000. அதைப் பேரேட்டில் முதல் இரண்டு ஆண்டுக்கு மட்டும் பதிந்து காட்டினேன். குழுவில் இருந்த பாட வல்லுநர், "மூன்றாம் ஆண்டு பாதியில் இயந்திரத்தை விற்றால்?" என்று கேட்டார். அரையாண்டுத் தேய்மானம் 22,500 என்று தொடங்கிப் பதில் சொன்னேன். கேள்வி வர இடம் விட்டு வகுப்பை முடியுங்கள். பவர்பாயின்ட் வேண்டாம் என்பது என் கட்சி. சுண்ணக்கட்டி பிடித்து எழுதும்போதுதான் வகுப்பறைப் பழக்கம் தெரிகிறது.

*பின்சேர்க்கை 2:* சம்பளம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2019இல் யு.ஜி.சி. கௌரவ ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000-க்கு மிகாமல் என்று வழிகாட்டுதல் தந்தது. 2025இல் அரசு அறிவித்த 25,000 அதில் பாதி. சுயநிதிப் பிரிவுகளில் அதைவிடக் குறைவாகத் தருகிற இடங்களும் உண்டு. நெட் முடித்து, முழு நேர ஆசிரியருக்கு இணையாக வகுப்பெடுத்து, தேர்வுப் பணியும் பார்க்கிறவர்களுக்கு இது நியாயமே இல்லை என்பதை எங்கேயும் சொல்வேன். சேரும் முன் சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி, மே மாதச் சம்பளம் உண்டா இல்லையா, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

*பின்சேர்க்கை 3:* பொறியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக் பகுதி நேர இடங்கள் பற்றிக் கேட்கிறீர்கள். அங்கே நெட் கேட்பதில்லை. பி.இ. அல்லது பி.டெக். முதல் வகுப்பு வேண்டும். கோணத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. கல்வியாண்டுத் தொடக்கத்தில் அங்கேயே போய் விசாரியுங்கள்.

உங்கள் நிலைமையைக் கேட்டு எழுதுகிறவர்கள் பாடத்தின் பெயர், முதுகலை முடித்த பல்கலைக்கழகம், ஆண்டு, சதவீதம், நெட் அல்லது செட் தேதி இவற்றைச் சேர்த்து எழுதுங்கள். இவை இருந்தால்தான் என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.