எனம் பெயர்களை ஒரே தடவை எழுதுங்கள்

பாபநாசம் பஸ்ஸுக்கு டிக்கெட் புரோகிராம் எழுதுகிறோம் என்று வையுங்கள். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நிறுத்தங்களை சி மொழியில் எனமாக (enum, பெயர்களுக்கு 0, 1, 2 என்று வரிசையாக எண் கொடுக்கும் பட்டியல்) வைத்தால், வீரவநல்லூரை பிரிண்ட் செய்யும்போது வெறும் 2 என்றுதான் வரும். பெயர் வேண்டுமே என்று தனியாக ஒரு அரே (array, அதே வரிசையில் பெயர்களின் அடுக்கு) எழுதுவார்கள். வம்பு அங்கேதான். பிறகு ஒருவர் பேட்டையை எனத்தில் முதலாவதாகச் சேர்த்து, அரேயை விட்டுவிட்டால் போச்சு, பத்தமடைக்காரருக்குச் சேரன்மகாதேவி டிக்கெட் அச்சாகும்.

இதற்கு எக்ஸ்-மேக்ரோதான் சரியான வழி. மேக்ரோ என்பது கம்பைல் ஆகும் முன் தன் இடத்தில் வேறு வரிகளாக விரியும் ஒரு பெயர். ஒரு மேக்ரோவுக்குள் எக்ஸ்(பத்தமடை) எக்ஸ்(சேரன்மகாதேவி) என்று பட்டியலை ஒரே தடவை எழுதுங்கள். எக்ஸ் என்றால் பெயரும் கமாவும் என்று டிஃபைன் செய்து எனத்துக்குள் விரியுங்கள். அப்புறம் அந்த எக்ஸை அன்டெஃப் செய்து (வரையறையை நீக்கி), பெயருக்கு முன்னால் # போட்டு மறுபடி டிஃபைன் செய்யுங்கள். # பெயரை மேற்கோள்குறிக்குள் வைத்துத் தரும். அதே பட்டியல் பெயர்களின் அரேயாகிவிடும். பெயரிலிருந்து எண்ணுக்குத் திரும்ப, அரேயில் ஒரு லூப் போட்டு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிட்டால் போதும்.

எண்களை நீங்களே 10, 20 என்று இடைவெளி விட்டுக் கொடுத்திருந்தால் இந்த அரே ஒத்துவராது. எக்ஸை ஸ்விட்சுக்குள், இந்த எண் என்றால் இந்தப் பெயர் என்று சொல்லும் கேஸ் வரியாக விரியுங்கள். ஜாவா, பைத்தான் எழுதுபவர்களுக்கு இந்தப் பாடு இல்லை, பெயர் எடுக்கும் வசதி மொழியிலேயே உண்டு. எந்த மொழியானாலும் ஃபைலில் எண்ணைச் சேமிக்காதீர்கள், பெயரைச் சேமியுங்கள்.