டிஸ்கஸுக்கு பீஃப் ஹார்ட் கலவை: தொட்டித் தண்ணீர் கலங்காமல் செய்யும் முறை

தட்டு போல வட்டமான வண்ண மீன் டிஸ்கஸ். அதை வளர்ப்பவர்களில் பலர் பீஃப் ஹார்ட் (மாட்டு இதயம்) கலவையை ஒருமுறை செய்து இரையாகப் போட்டுவிட்டு, தொட்டி கலங்கிப்போனதைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். பழி இறைச்சி மேல் விழுகிறது. பெரும்பாலும் தவறு அதைப் பிடித்துவைக்கும் ஜெலட்டினில்தான் இருக்கிறது. கலவை செய்யும் முறையும் அதை மீனுக்குப் பழக்கும் விதமும் இங்கே.

முதலில் மீன் சாப்பிடும் அழகைக் கவனியுங்கள். டிஸ்கஸ் ஒரே வாயில் விழுங்காது. கொத்தும், துப்பும், திரும்பக் கொத்தும். தரையில் கிடக்கும் இரைமேல் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி, கிளம்புவதைப் பிடிக்கும். அமேசான் படுகையில் பாசி, மட்கு, சிறு நீர்ப்பூச்சிகள் என்று நாள் முழுக்கக் கொறித்துத் திரியும் மீன் அது. பழக்கம் தொட்டியிலும் போகாது. ஆகவே பத்து தடவை துப்பினாலும் உதிராத இரைதான் அதற்கு வேண்டும்.

தேவையானவை

பீஃப் ஹார்ட் 1 கிலோ (சுத்தம் செய்தபின் 600 முதல் 700 கிராம் மிஞ்சும்), தோல் உரித்த இறால் 200 கிராம், பாலக்கீரை 100 கிராம், பூண்டு 4 பல், ஸ்பைருலினா (நுண்பாசி) பொடி 2 மேசைக்கரண்டி, கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கும் அகர் அகர் இழை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் உறைபொருள்) 10 கிராம், தண்ணீர் 300 மில்லி. மீனுக்கான வைட்டமின் சொட்டு இருந்தால் நல்லது. தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வீட்டில் பீஃப் எடுக்க முடியாதவர்கள் ஆட்டு இதயம் வாங்கலாம். கோழி இதயமும் ஆகும், ஆனால் ஒவ்வொன்றாகக் கொழுப்பு எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

சுத்தம் செய்தல்

இதயத்தை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பாதி இறுகியதும் நறுக்குங்கள், கத்தி வழுக்காது. வெளியே ஒட்டியிருக்கும் கொழுப்பு, மேல்புறக் குழாய்கள், உள்ளறைகளில் ஓடும் வெள்ளை நரம்புகள் எல்லாமே போக வேண்டும். சிவப்புச் சதை மட்டும் மிஞ்சட்டும். கால்நடைக் கொழுப்பு டிஸ்கஸுக்குச் சரியாகச் செரிக்காது, தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலமாகவும் மிதக்கும். அரைத்தபின் மிக்ஸி மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக வழவழவென்று ஒட்டினால் கொழுப்பு இன்னும் இருக்கிறது.

இறாலையும் கீரையையும் தனித்தனியாகக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பிழிந்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓடினால் ஜார் சூடேறும். 3 இன்ச்சுக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கு நைசாகவும், பெரிய மீன்களுக்குக் கொரகொரப்பாகவும் இருக்கட்டும். ஸ்பைருலினாவை இதிலேயே கலக்கலாம்.

அகர் சேர்த்தல் (அவசரப்படாதீர்கள்)

டிஸ்கஸ் தொட்டி 28 முதல் 30 டிகிரியில் ஓடும். ஜெலட்டின் 30 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுக்கும்போது கல் போல இருக்கும் துண்டு தண்ணீரில் பத்து நிமிடத்தில் கூழாவது இதனால்தான். அகர் அப்படியில்லை. இறுகிய பிறகு திரும்ப உருக 85 டிகிரிக்கு மேல் வேண்டும், தொட்டிச் சூட்டில் அசையாது.

ஆனால் சூடான அகர் ஆறும்போது 35 முதல் 40 டிகிரிக்குள் உறைந்துவிடும். மிக்ஸியிலிருந்து சில்லென்று வந்த இறைச்சியை அப்படியே கலந்தால் அந்த நொடியே அகர் தனியாகத் திரிதிரியாக உறையும், இறைச்சி தனியாக நிற்கும். அந்தக் கலவை தொட்டியில் உதிரத்தான் செய்யும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். அரைத்த இறைச்சிப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி, கிளறி 33 முதல் 35 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் ஊறிய அகரை அதே 300 மில்லி தண்ணீரில், பெரிய பாத்திரமாகப் பார்த்து, சிறுதீயில் எட்டு பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கரண்டியில் எடுத்தால் ஒரு இழைகூடத் தெரியக்கூடாது. அடுப்பை அணைத்து 70 டிகிரிக்கு இறங்கவிட்டு, இறைச்சியைக் கரண்டி கரண்டியாக அகருக்குள் போட்டுக் கிளறுங்கள். அகரை இறைச்சியில் ஊற்றக்கூடாது, முதல் ஊற்றிலேயே உறைந்துவிடும். இந்த அளவுகளில் முடிவில் கலவை 42 டிகிரி வாக்கில் நிற்கும். கெட்டி இட்லி மாவுப் பதம் வரும். வைட்டமின் சொட்டை விட்டு ஒரு கிளறு கிளறி, உறையுமுன் ஜிப்லாக் கவர்களில் நிரப்பி, 4 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்புங்கள். ஸ்கேலால் மேலேயே கோடு அழுத்திவிட்டால் பிறகு சாக்லேட் மாதிரி உடைத்துக்கொள்ளலாம். ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் தாங்கும்.

ஃப்ரீசரில் வைக்குமுன் ஒரு சோதனை: இறுகிய சிறு துண்டை 30 டிகிரித் தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் கால் மணி நேரம் போட்டுவையுங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் தொட்டிக்குப் போகலாம்.

கொடுக்கும் முறை

ஆறு பெரிய மீன்களுக்கு ஒரு இன்ச் சதுரத் துண்டில் தொடங்கி, பத்து நிமிடத்தில் தீர்வதைப் பொறுத்து ஏற்றுங்கள். மிஞ்சியதை உடனே குழாயால் உறிஞ்சி (சைஃபன்) எடுத்துவிடுங்கள். மணல் போடாத வெறுந்தரைத் தொட்டியை நான் சிபாரிசு செய்வது இதற்காகவே. குஞ்சுகளுக்கு நாளைக்கு ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக, பெரியவற்றுக்கு இரண்டு வேளை. வளர்ந்த மீன்களுக்கு இந்தக் கலவை வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும். மற்ற நாட்களில் நல்ல பெல்லட், உறைந்த பிளட்வார்ம் (சிவப்புப் பூச்சிப்புழு), ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்). உயிருள்ள டியூபிஃபெக்ஸ் சாக்கடைச் சேற்றில் பெருகும் புழு. எவ்வளவு கழுவினாலும் நம்பிப் போடமாட்டேன்.

புதிய மீன் கலவையைத் தொடவில்லையா? வந்து நாலைந்து நாள் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். தண்ணீர்ச் சூடு 29க்குக் குறையாமல் பாருங்கள். பிறகு காலை முதல் வேளையில், பசியோடு இருக்கும்போது, கலவையைப் பிளட்வார்மோடு பிசைந்து போட்டு, பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். நாளுக்கு நாள் பிளட்வார்மைக் குறையுங்கள். தனியாக இருக்கும் டிஸ்கஸ் மிரண்டே இருக்கும். ஐந்தாறு சேர்ந்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று சாப்பிடும். உடல் கறுத்து, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால் இரையை மாற்றிப் பயனில்லை, அது பெரும்பாலும் குடல் ஒட்டுண்ணிக்கான அறிகுறி.

பின்சேர்க்கை: கலவை உறையவேயில்லை என்று கேட்பவர்களில் சிலர் பழச்சுவை ஜெல்லி பாக்கெட்டை வாங்கியிருக்கிறார்கள். அதில் சர்க்கரையும் நிறமியும் இருக்கும், மீனுக்கு ஆகாது. மற்றவர்கள் அகரைக் கொதிக்கவிடாமல் வெந்நீரில் கரைத்திருக்கிறார்கள். கொதித்தால்தான் கரையும். பொடி அகர் வாங்கினால் இழை அகரைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். 7 கிராமில் ஆரம்பித்து, டம்ளர் சோதனையைப் பார்த்து அடுத்த தடவை கூட்டிக்கொள்ளுங்கள்.