பிராந்திய அமைதிப்படைகள்: எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

சோமாலியாவில் 2007 முதல் 2022 வரை இருந்த அமிசோம் என்ற ஆப்பிரிக்க ஒன்றியப் படையை ‘ஐ.நா. அமைதிப்படை’ என்று எழுதுவதுதான் அடிக்கடி கண்ணில் படும் பிழை. அனுமதி மட்டுமே ஐ.நா. பாதுகாப்பு சபையுடையது (தீர்மானம் 1744). படையை நடத்தியது ஆப்பிரிக்க ஒன்றியம். வீரர்களின் மாதப்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். உணவு, எரிபொருள் போன்றவற்றை 2009 முதல் ஐ.நா.வின் தளவாட அலுவலகம் பார்த்துக்கொண்டது. எந்தப் படையானாலும் அனுமதித்தது யார், கட்டளையிடுவது யார், செலவைச் சுமப்பது யார் என்று தனித்தனியே கேளுங்கள். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் படித்தொகையில் 20 சதவீதத்தைக் குறைத்தபோது படை அனுப்பிய நாடுகள் ஏன் கொதித்தன என்பது அப்போதுதான் விளங்கும்.

பணம் பற்றியே இன்னொரு தவறு: ‘2023 டிசம்பரில் வந்த தீர்மானம் 2719இன்படி ஆப்பிரிக்கப் படைகளின் செலவில் 75 சதவீதத்தை ஐ.நா. தரும்’ என்பது. 75 என்பது உச்சவரம்பு. ஒவ்வொரு படைக்கும் பாதுகாப்பு சபை தனித்தனியாக இசைய வேண்டும். தீர்மானம் நிறைவேறியதாலேயே காசு வந்துவிடாது.

சட்டப் பக்கம் இன்னும் வழுக்கல். பிராந்திய அமைப்புகளைப் பற்றிய ஐ.நா. சாசனத்தின் 8ஆம் அத்தியாயத்தைச் சொல்லி, ‘பிராந்திய அமைப்பு எது செய்தாலும் முன் அனுமதி வேண்டும்’ என்கிறார்கள். வேண்டியதில்லை. சமரசப் பேச்சுக்கு 52ஆம் பிரிவே இடம் தருகிறது. படைபலம் போன்ற கட்டாய நடவடிக்கைக்குத்தான் 53ஆம் பிரிவு அனுமதி கேட்கிறது. நடைமுறையில் இதுவும் மீறப்பட்டதுண்டு. 1990 ஆகஸ்டில் எக்கோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்புப் படை லைபீரியாவில் இறங்கியபோது முன் அனுமதி இல்லை. பாதுகாப்பு சபையின் பாராட்டு பின்னால்தான் வந்தது. கொசோவோவில் 1999 மார்ச்சில் தொடங்கிய நேட்டோ குண்டுவீச்சுக்கும் அனுமதி கிடையாது. ஜூனில் வந்த தீர்மானம் 1244 பின்னர் நுழைந்த, நேட்டோ தலைமையிலான கேஃபோர் அமைதிப்படைக்கானது. குண்டுவீச்சையும் கேஃபோரையும் ஒரே மூச்சில் ‘ஐ.நா. அனுமதித்த நடவடிக்கை’ என்று எழுதாதீர்கள். தேர்தலில் தோற்ற அதிபர் பதவி விலக மறுத்த காம்பியாவுக்கான 2017 தீர்மானம் 2337ஐயும் அப்படித்தான் திரிக்கிறார்கள். அது ஆதரித்தது முதலில் அரசியல் வழி முயற்சிகளை. படைபலத்துக்கு வெளிப்படையான அனுமதி அதில் இல்லை.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம் 4(எச்) பிரிவு இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றில் உறுப்பு நாட்டுக்குள் தலையிட இடம் தருகிறது. அதனால் ஒன்றியம் நினைத்தால் நுழைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2015 டிசம்பரில் புருண்டிக்கு 5,000 பேர் கொண்ட படை என்று அதன் அமைதி, பாதுகாப்பு அவை அறிவித்தது, புருண்டி மறுத்தது, அடுத்த மாதமே உச்சி மாநாட்டில் தலைவர்கள் பின்வாங்கினார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு குழப்பம். 1987இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படையைச் சிலர் சார்க் முயற்சி என்கிறார்கள், சிலர் ஐ.நா. படையோடு சேர்க்கிறார்கள். இரண்டும் இல்லை. இருதரப்புச் சிக்கல்களைப் பேசவே கூடாது என்பது சார்க் சாசனத்தின் 10ஆம் பிரிவு. அந்தப் படை சென்றது ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில். இலங்கை அதிபர் அழைத்தால் இந்தியப் படை வரலாம் என்று அதன் இணைப்பிலேயே எழுதியிருந்தது.