வீட்டைப் பூட்டிவிட்டு ஆர்.வி.யில் கிளம்புவது எப்படி? ஓய்வுபெற்ற தம்பதியருக்கான செய்முறை விளக்கம்

ஓய்வு பெற்ற பிறகு, படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே கொண்ட பயண வண்டியான ஆர்.வி.யை வாங்கும் தம்பதியர் பலர், எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது என்பதையெல்லாம் மாதக்கணக்கில் பேசுகிறார்கள். பூட்டிவிட்டுப் போகும் வீட்டைப் பற்றிய பேச்சோ கிளம்பும் நாளன்று காலையில்தான் தொடங்குகிறது. ஆர்.வி. வாசலுக்கு வந்த நாள் முதல் உங்களுக்கு வீடுகள் இரண்டு. அவற்றில் ஒன்று எப்போதும் ஆளில்லாமல்தான் இருக்கும். ஆள் இருக்கும் வீட்டில் குழாய் ஒழுகினால் அன்றே தெரிந்துவிடும். ஆளில்லாத வீட்டில் அதே ஒழுகல், தரை ஊறிப்போய்ச் சுவரில் பூஞ்சை படர்ந்த பிறகுதான் கண்ணில் படும். ஆகவே, விட்டுச் செல்வதை முறையாக ஓய்வில் வைப்பதையும், திரும்பி வந்ததும் முறையாகப் புழக்கத்துக்குக் கொண்டுவருவதையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: இருவருக்கும் பொதுவான குறிப்பேடு

ஒரே ஒரு குறிப்பேடு போதும். அதில் வீட்டை அடைக்கும் வேலைகள், வண்டியைத் தயார்செய்யும் வேலைகள், பராமரிப்பு நடந்த தேதிகள் என்று மூன்று பகுதிகள் இருக்கட்டும். தண்ணீர் வால்வு எந்த மூலையில் இருக்கிறது, எந்த பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை) எந்த அறைக்கு, வண்டியின் டயர்களுக்கு எவ்வளவு காற்றழுத்தம் என்பதையெல்லாம் உங்கள் வீட்டையே பார்த்திராத ஒருவர் படித்தாலும் புரியும்படி எழுதி வையுங்கள்.

வண்டி வேலை கணவருக்கு, வீட்டு வேலை மனைவிக்கு என்று பிரித்துக்கொள்வது தொடக்கத்தில் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வயதில் இருவரில் ஒருவர் திடீரென்று படுத்துவிட்டால், மற்றவர் வண்டியை ஓட்டி, கழிவுத் தொட்டியைக் காலிசெய்து, வீடு வந்து சேர்ந்து, அடைத்து வைத்த தண்ணீரையும் திறந்துவிட வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் வேலைகளை மாற்றிக்கொள்ளுங்கள். நானும் என் மனைவியும் இதில் மட்டும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில்லை.

படி 2: பயணத்தை வீட்டின் பருவங்களோடு பொருத்துதல்

மழைக்காலத்துக்கு முன் கூரையையும் மழைநீர்க் கால்வாய்களையும் சுத்தம்செய்ய வேண்டும். குளிர் கடுமையாக இருக்கும் இடமாயின், குளிர் தொடங்குமுன் வெப்பமூட்டும் சாதனத்தைப் பார்த்துவிட வேண்டும். இவற்றோடு மருத்துவப் பரிசோதனைகளையும் வரி, காப்பீடு ஆகியவற்றின் கடைசி நாள்களையும் முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, மீதமிருக்கும் இடைவெளிகளில் பயணத்தைப் பொருத்துங்கள். பயணத்தை முதலில் குறித்துவிட்டுப் பராமரிப்பை மிச்சமுள்ள நாள்களில் திணிப்பவர்களின் வீடு, சில ஆண்டுகளுக்குள் பெரிய செலவில் கொண்டுபோய் விட்டுவிடும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தத்தையும் இப்போதே எடுத்துப் படியுங்கள். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், சில வகைச் சேதங்களுக்கு இழப்பீடு கிடையாது என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் வீட்டுக்குள் வந்து பார்த்து, வந்த தேதியைக் குறித்து வைப்பதும் நல்லது.

படி 3: வீட்டின் தண்ணீரை அடைத்தல்

ஆளில்லாத வீட்டுக்கு வரக்கூடிய தொல்லைகளில் தண்ணீருக்கே முதலிடம். இந்த ஒரு வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். வண்டியில் ஏறும் அவசரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

முதலில் வாட்டர் ஹீட்டரை நிறுத்துங்கள். மின்சாரத்தில் இயங்குவதாயின் அதற்குரிய பிரேக்கரையும், எரிவாயுவில் இயங்குவதாயின் அதற்கான கட்டுப்பாட்டுக் குமிழையும் அணைக்க வேண்டும். தண்ணீர் இல்லாத தொட்டியில் சூடேற்றி இயங்கினால் ஹீட்டர் கெட்டுவிடும் என்பதால், இந்த வரிசையை மாற்றக் கூடாது. அடுத்து வீட்டின் பிரதான வால்வை மூடிவிட்டு, இருப்பதிலேயே தாழ்வான இடத்திலுள்ள குழாயைத் திறந்து, உள்ளே மிஞ்சியிருக்கும் அழுத்தம் வெளியேறும்வரை விடுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் போகும் இரண்டு வால்வுகளையும் தனியாக மூடுங்கள். அங்கே பொருத்தப்பட்டிருக்கும் ரப்பர் குழாய்கள் நாளடைவில் உப்பி வெடிக்கக்கூடியவை. தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் வருமானால், ஹீட்டர் தொட்டி உட்பட எல்லாவற்றையும் முழுவதுமாக வடித்துவிட வேண்டும். தீயணைப்புத் தெளிப்பான்களோ வெந்நீரில் இயங்கும் அறை வெப்பமூட்டியோ அதே இணைப்பில் இருந்தால், பிரதான வால்வைத் தொடுமுன் ஒரு பிளம்பரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடம் பலருக்கும் தெரிவதில்லை. கைகழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், குழாய் கீழே இறங்கி, வளைந்து, மீண்டும் சற்று மேலேறிச் சுவருக்குள் போவதைக் காணலாம். அந்த வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான், சாக்கடை வாயுவும் பூச்சிகளும் வீட்டுக்குள் ஏறாமல் அடைத்து நிற்கிறது. ஆள் புழங்காத வீட்டில் அது சில வாரங்களில் ஆவியாகிவிடும். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒவ்வொரு வடிகாலிலும் தண்ணீர் நிற்பதை உறுதிசெய்துகொண்டு, அதன்மேல் சில கரண்டி மினரல் ஆயில் ஊற்றினால், எண்ணெய்ப் படலம் மூடியாக நின்று ஆவியாவதை வெகுவாகத் தாமதப்படுத்தும். குளியலறைத் தரையிலுள்ள வடிகாலை மறந்துவிடாதீர்கள்.

படி 4: மின்சாரமும் காற்றும் பூச்சிகளும்

தேவையற்ற மின்சாதனங்களின் இணைப்பைப் பிளக்கோடு பிடுங்கிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியைக் காலிசெய்து அணைத்தால், உள்ளே துடைத்து உலரவிட்டு, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் எதையாவது செருகி வைக்க வேண்டும். அதை ஓடவிட்டுப் போவதாயின் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் உள்ளே இறங்கியிருந்தால், இடையில் மின்சாரம் நீண்ட நேரம் நின்று எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள்; அந்த உணவை உண்ணக் கூடாது.

வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. அறைக் கதவுகளையும் அலமாரிக் கதவுகளையும் சற்றே திறந்து வைத்தால் காற்று உலவும். சுண்டெலி நுழைவதற்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும் என்பதால், குழாய்கள் சுவருக்குள் நுழையும் ஓட்டைகளை எஃகு நார் வைத்து அடைத்துப் பூசிவிடுங்கள்.

படி 5: வண்டியைப் புழக்கத்துக்குக் கொண்டுவருதல்

வீட்டை அடைப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வண்டி வேலையைத் தொடங்குங்கள். குறை எதுவும் தென்பட்டால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

டயரிலிருந்து தொடங்குவது நல்லது. காரின் டயர் ஓடித் தேய்கிறது, ஆர்.வி.யின் டயரோ பெரும்பாலும் நின்ற இடத்திலேயே முதுமையடைகிறது. மேலே பள்ளங்கள் புதிதாகவே தெரியும், உள்ளே ரப்பர் இறுகிப்போயிருக்கும். அதனால் வயதைத்தான் பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். அவை 2321 என்றிருந்தால், அந்த டயர் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. இந்த இலக்கங்கள் சில டயர்களில் உட்புறம் மட்டுமே இருப்பதால், டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். பத்து ஆண்டுகள் கடந்ததை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தை எப்போதும் வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.

அடுத்தது கூரை. மேலே ஏற உடல் இடம் தராவிட்டால் யாரையாவது ஏறச் சொல்லி, காற்றுத் துளைகளையும் சாளரங்களையும் சுற்றியுள்ள சீலண்டை (நீர் புகாதபடி இடுக்குகளை அடைக்கும் பூச்சு) நெருக்கத்தில் புகைப்படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மயிரிழை போன்ற வெடிப்பு, விரலால் அழுத்தினால் ஓரம் எழும்பும் இடம், இரண்டுமே நீர் புகும் வழிகள். உங்கள் கூரையின் பொருளுக்கு ஏற்ற சீலண்டையே பயன்படுத்துங்கள். சிலிக்கோன் பூசினால், பின்னாளில் அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது.

குடிநீர்த் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்ய, வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, நறுமணம் சேர்க்காத வீட்டு பிளீச்சைத் தொட்டி கொள்ளும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் சுமார் ஒரு மில்லிலிட்டர் வீதம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, தொட்டியை நிரப்புங்கள். எல்லாக் குழாய்களிலும் பிளீச் வாசனை வரும்வரை திறந்துவிட்டு, பிறகு மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் வாசனை போகும்வரை நல்ல நீரால் அலசினால் போதும். அலசிய பின் தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்பதில்லை; 200 லிட்டர் தண்ணீர் என்பது 200 கிலோ எடை.

எரிவாயுக் கசிவைக் கண்டறியும் கருவியையும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் சோதித்து, அவற்றின் காலாவதித் தேதியைப் பாருங்கள். வண்டியில் பயன்படும் எரிவாயுவான புரொப்பேன் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோரம் தங்கும். அதனால்தான் அதற்கான கருவி தரைக்கு அருகில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் முன்னால் காலணிகளையோ பைகளையோ குவித்து வைக்காதீர்கள்.

படி 6: பயணத்தில் இருக்கும்போது

வழியில் வேலை குறைவு. ஒரு நாளில் ஓட்டும் தொலைவைக் குறைத்து, வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் போய்ச் சேருங்கள். கழிப்பறைக் கழிவுத் தொட்டியின் வால்வை நிறுத்துமிடத்தில் திறந்தே வைத்திருக்காதீர்கள். நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் இறுகிவிடும். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் முதலில் அதைத் திறந்துவிட்டு, அடுத்ததாகக் குளியல், பாத்திரம் கழுவிய நீரின் தொட்டியைத் திறந்தால், பின்னால் வரும் நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை கட்டாயம் வேண்டும்.

படி 7: திரும்பி வந்ததும் வீடு

வந்த களைப்பில் உடனே குளிக்கப் போகாதீர்கள். நாள்கணக்கில் தேங்கி நின்ற வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகக்கூடும். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் அதற்கு உகந்தது. 1976ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் கூடிய மாநாட்டில் பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டது. நீர்த்திவலைகளைச் சுவாசிப்பதால் தொற்றும் இந்த நோய் முதியவர்களையே அதிகம் தாக்குகிறது.

பிரதான வால்வை முழுவதுமாக ஒரே மூச்சில் திறக்காமல், கால்வாசி திறந்துவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று வீடு முழுவதும் நடந்து பாருங்கள். ஒழுக்கில்லை என்று தெரிந்த பிறகு முழுவதும் திறந்து, ஒவ்வொரு குழாயையும் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். குளியல் ஷவரின் தலைப்பைக் கழற்றிவிட்டோ, அதை நீர் நிரம்பிய வாளிக்குள் அமிழ்த்தியோ ஓடவிட்டால் திவலைகள் பறக்காது. ஹீட்டர் தொட்டி நிறைந்து, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் நீர் வந்த பின்னரே ஹீட்டரைப் போட வேண்டும். அது 60 டிகிரி வரை சூடேறிய பிறகு வெந்நீர்க் குழாய்களை மறுபடியும் ஓடவிடுங்கள். அந்த நீர் தோலைச் சுட்டுவிடும் என்பதால் கையை விலக்கியே திறக்க வேண்டும்.

படி 8: வண்டியை ஓய்வில் வைத்தல்

வீடு சரியானதும் வண்டிக்கு வாருங்கள். இறங்கிய மறுநாளே இதைச் செய்வது நல்லது. வீட்டு வேலைகளில் மூழ்கிவிட்டால் வண்டி அப்படியே நின்றுவிடும். கழிவுத் தொட்டிகளை வரும் வழியிலேயே காலிசெய்து அலசியிருக்க வேண்டும். சமையலறையில் ஒரு பருக்கைகூட மிஞ்சக் கூடாது. குளிர்பெட்டியின் கதவைத் திறந்து வைத்து, எரிவாயு உருளையின் வால்வை மூடுங்கள்.

உறைபனி வரும் இடமாயின், நீரமைப்பை முழுவதும் வடித்து, ஹீட்டருக்குப் போகும் வழியைப் பைபாஸ் வால்வால் (ஹீட்டருக்குள் போகாமல் நீரைத் திருப்பிவிடும் வால்வு) அடைத்துவிட்டு, ஆர்.வி.க்கென்றே விற்கும் நச்சற்ற புரொப்பிலீன் கிளைக்கால் திரவத்தைக் குழாய்களில் ஏற்ற வேண்டும். கார் எஞ்சினுக்கான உறைதடுப்பான் பெரும்பாலும் நச்சுத்தன்மையுள்ள எத்திலீன் கிளைக்காலால் ஆனது; குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது. ஹீட்டர் தொட்டியின் அடைப்பைத் திறக்குமுன், நீர் ஆறியிருப்பதையும் அழுத்தம் வெளியேறியிருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஈய-அமில பேட்டரியை முழுவதும் மின்னேற்றம் செய்து, இணைப்பைத் துண்டித்து வையுங்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 வோல்ட்டுக்கு அருகில் இறங்கினால் பாதி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மாதம் ஒரு முறை அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். லித்தியம் பேட்டரியைப் பாதியளவு மின்னேற்றத்தில் வைப்பது நல்லது. உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றம் செய்யக் கூடாது. பேட்டரியை அளக்கப் போகும் அதே நாளில், ஜெனரேட்டரையும் மின்சாதனங்களை இயக்கிச் சுமை கொடுத்து ஓடவிட்டு, சக்கரங்களின் வெயில் உறைகளைச் சரிசெய்து, தரையோரங்களில் எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டால், அடுத்த மாதம்வரை வண்டியைப் பற்றி நினைக்காமல் வீட்டு வேலைகளைக் கவனிக்கலாம்.